ஒரு மாநகரம் பொருளாதார அடியைத் தாங்குமா? கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

முதலில் எல்லையைச் சரியாகப் போடுங்கள். மாநகராட்சி எல்லையை அப்படியே எடுத்துக்கொண்டால் முழுக் கணக்கும் தப்பாகிவிடும். மக்கள் எங்கே குடியிருந்து எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்பதுதான் உண்மையான எல்லை. ஐரோப்பிய ஒன்றியமும் வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி-யும் வைத்திருக்கும் அளவுகோல் எளிது: குறைந்தது 50,000 பேர் நெருக்கமாக வாழும் மையம் ஒன்று, வேலைக்குப் போகிறவர்களில் 15 சதவீதமாவது அந்த மையத்துக்குப் போய்வரும் சுற்றுவட்டார ஊர்கள். அமெரிக்காவில் இது 25 சதவீதம். டெட்ராய்ட் நகரத்தின் மக்கள்தொகை 1950-இல் சுமார் 18.5 லட்சம், 2010-இல் 7.1 லட்சம். ஊரே காலியானது போலத் தெரியும். ஆனால் அதே 2010-இல் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்தால் 40 லட்சத்துக்கு மேல். பலர் அந்த வட்டாரத்தை விட்டுப் போகவில்லை, நகர எல்லையைத் தாண்டிக் குடியேறினார்கள். அவர்கள் கட்டிய வரியும் கூடவே போய்விட்டது.

அடுத்து, மாதாந்திர வேலைவாய்ப்பு எண்ணிக்கை. அடி விழுவதற்கு முந்தைய 10 ஆண்டுகளாவது வேண்டும். நாடு முழுவதற்குமான எண்ணும் வேண்டும். வேலையின்மை விகிதத்தை மட்டும் நம்பாதீர்கள். ஊரை விட்டுப் போனவரும், தேடி அலுத்து வீட்டில் உட்கார்ந்தவரும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். விகிதம் இறங்கும், ஊர் தேறிவிட்டது போலக் காட்டும். ஒரு மாதத்தை முந்தைய மாதத்தோடு ஒப்பிடாமல், போன வருடத்தின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

இப்போது கணக்கு. ஒரு வட்டாரத்தில் உச்சத்தில் 20 லட்சம் வேலைகள் இருந்து, 18.8 லட்சமாக இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். இழப்பு 6 சதவீதம். அதே மாதங்களில் நாட்டின் இழப்பு 4 சதவீதம் என்றால், 6-ஐ 4-ஆல் வகுக்க 1.5. ஒன்றைத் தாண்டினாலே நாட்டைவிடப் பலமான அடி.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இதற்குப் பிறகுதான். ஐந்து வருடம் கழித்து எண்ணிக்கை மறுபடி 20 லட்சத்தைத் தொட்டதும் 'மீண்டுவிட்டோம்' என்று அறிக்கை வரும். அடி விழும் முன் வேலைகள் வருடம் 1.5 சதவீதம் பெருகிக்கொண்டிருந்தன என்றால், இந்நேரம் கிட்டத்தட்ட 21.5 லட்சம் இருந்திருக்க வேண்டும். அந்த 1.5 லட்சம் வேலைகள் இன்னும் திரும்பவில்லை. பழைய எண்ணைத் தொட்ட மாதம், பழைய வளர்ச்சிக்கோட்டைத் தொட்ட மாதம் இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள். இரண்டாவது வராமலே போகலாம்.

அடி ஏன் பலமாக விழுந்தது என்று அறிய, ஒவ்வொரு தொழிலும் உள்ளூர் வேலைகளில் எத்தனை சதவீதம் என்பதை நாட்டுச் சதவீதத்தால் வகுங்கள். எஃகு உள்ளூரில் 8, நாட்டில் 2 என்றால் விடை 4. அங்கே கண் வையுங்கள். ஆனால் பட்டியலில் பத்துத் தொழில் இருப்பதாலேயே பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். உதிரிபாகம், பெயின்ட், லாரி, கேன்டீன் எல்லாம் ஒரே கம்பெனியை நம்பியிருந்தால் அது ஒரே தொழில்தான். பெரிய முதலாளிகள் யார் என்பதோடு நிற்காமல், அவர்களிடம் வாங்குவது யார் என்றும் விசாரியுங்கள். அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் விமானம் செய்யும் போயிங் கம்பெனியின் வேலைகள் 1967-இல் சுமார் ஒரு லட்சம். 1971-இல் 40,000-க்கும் கீழே.

யார் மீண்டார்கள் என்பது வேறு கணக்கு. 1983-இல் அமெரிக்காவின் எஃகு நகரமான பிட்ஸ்பர்க் வட்டாரத்தின் வேலையின்மை 17 சதவீதத்தைத் தாண்டியது. பிறகு மருத்துவமும் கல்வியும் அதைத் தூக்கி நிறுத்தின. ஆனால் எஃகு ஆலையில் வேலை இழந்தவர்தான் மருத்துவமனையில் சேர்ந்தார் என்று அதற்கு அர்த்தமில்லை. இளைஞர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். அதனால் வயது, வருமானம், பகுதி வாரியாகப் பிரித்துப் பாருங்கள்.

சமூக அடிக்கும் இதே விதிதான். 1995 ஜூலை வெப்ப அலையில் சிகாகோவில் 700-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். நார்த் லான்டேல், சவுத் லான்டேல் இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள்; இரண்டிலும் ஏழை முதியவர்கள் நிறைய. ஆனால் முதலாவதில் இறப்பு விகிதம் பல மடங்கு அதிகம். அங்கே கடைகள் மூடி, தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. முதியவர்கள் வெளியே வரப் பயந்தார்கள். நகரச் சராசரியில் இது தெரியாது. தனியாக வாழும் முதியவர் எண்ணிக்கை, நடக்கும் தூரத்தில் திறந்திருக்கும் கடை இரண்டையும் பகுதி வாரியாக எடுங்கள்.

பரிகாரத்தில் நான் முதலில் பார்ப்பது வரிப் பங்கீடு. அமெரிக்காவின் மினியாபொலிஸ்–செயின்ட் பால் வட்டாரத்தில் 1971 சட்டப்படி, வணிக, தொழில் சொத்துகளின் வரி அடிப்படை (வரி போடப்படும் மதிப்பு) வளர்வதில் 40 சதவீதம் அங்குள்ள ஏழு கவுன்டிகளுக்கும் (மாவட்டம் போன்றவை) பொதுவாகப் பிரிகிறது. ஒரு ஊர் சரிந்தாலும் கஜானா முழுதாகக் காலியாகாது. அப்படியொரு ஏற்பாடு இல்லாத டெட்ராய்ட், 2013-இல் சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு திவால் மனு போட்டது. கடனுக்குக் காரணங்கள் பல. சுருங்கிய வரி வருமானம் அதில் முக்கியமானது.

அருங்காட்சியகத்தால் நிமிர்ந்ததாகப் பேசப்படும் ஸ்பெயினின் பில்பாவ் நகரத்தைப் பார்த்து, நீங்களும் அருங்காட்சியகம் கட்டக் கிளம்பாதீர்கள். அங்கே 1992-இலேயே நிலங்களைச் சீரமைக்க அரசுகள் சேர்ந்து ஒரு பொது நிறுவனம் அமைத்தன, 1995-இல் மெட்ரோ ஓடியது, அருங்காட்சியகம் 1997-இல்தான் திறந்தது.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம்: வேலைவாய்ப்பு எண்கள் வெளியான பிறகும் திருத்தப்படும். எந்தத் தேதியில் எடுத்தது என்று கோப்பிலேயே எழுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக இறக்கிக் கணக்கை மறுபடி ஓட்டுங்கள்.