மண் ஓவல் ஆர்சி பந்தயம்: மோட்டாரில் கொட்டும் பணத்தை டயரில் போடுங்கள்

"எந்த மோட்டார் போட்டால் வேகமாகப் போகும் அண்ணே?" ஆர்சி (ரிமோட்டால் ஓட்டும்) கார் பந்தயத்தில் புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். காருடன் வந்த மோட்டாரே உங்களுக்கு அதிகம் என்று சொன்னால் முகம் வாடிவிடுகிறது. ஆனாலும் அதுதான் உண்மை. மண் ஓவலில் தோற்பவர்கள் வேகம் போதாமல் தோற்பதில்லை. இருக்கிற வேகத்தை மண்ணில் இறக்கத் தெரியாமல் தோற்கிறார்கள்.

பார்வைக்கு எளிய ஆட்டம் இது. முட்டை வடிவப் பாதை, இரண்டு நேர்ப்பகுதி, இரண்டு வளைவு, எப்போதும் இடப்பக்கத் திருப்பம். அமெரிக்காவில் பெரிய கார்கள் மண் களங்களில் ஓடும் மரபிலிருந்து வந்தது. ஒஹாயோவின் எல்டோரா களம் 1954-இல் திறக்கப்பட்டது. ஐயோவாவின் நாக்ஸ்வில்லில் ஸ்பிரிண்ட் கார்களின் தேசியப் போட்டி 1961-இல் தொடங்கியது. அந்தக் கார்களைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி, ஸ்பிரிண்ட், லேட் மாடல், மாடிஃபைடு, ஸ்ட்ரீட் ஸ்டாக் என்று அதே பிரிவுப் பெயர்களோடு ஓட்டுகிறார்கள். இங்கே கோலாலம்பூரில் பகி கார்களுக்கான மேடுபள்ளக் களங்களும் சறுக்கி ஓட்டும் டிரிஃப்ட் தளங்களும்தான் கண்ணில் படும். ஓவல் வேண்டுமென்றால் நான்கு பேர் சேர்ந்து, நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கி, மண்வெட்டி பிடிக்க வேண்டியதுதான். (தாமான் குடியிருப்பின் திடல் காலியாகத்தானே கிடக்கிறது என்று இறங்கிவிடாதீர்கள், அதற்கும் கேட்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டும்.) கற்றுக்கொடுக்க ஆள் இல்லாததால் எல்லாரும் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்தே பழகுகிறார்கள். பாதித் தவறுகள் அங்கேதான் முளைக்கின்றன. அவர்களுடைய மண் வேறு, வெயில் வேறு.

தனியாகக் கார் வாங்குவது

இணையத்தில் ஓர் இரவு முழுவதும் தேடி, இறக்கை வைத்த அழகான ஸ்பிரிண்ட் காரை வரவழைத்துவிட்டு, களத்துக்கு வந்து பார்த்தால் மற்ற அனைவரும் வேறு பிரிவில் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். போட்டியிட ஆளில்லாத கார் அலமாரிப் பொம்மைதான். முதலில் களத்துக்குப் போய், அங்கே எது ஓடுகிறது என்று பார்த்துவிட்டு அதையே வாங்குங்கள். யாருமே தொடங்கவில்லை என்றால், 2008-இல் வந்த டிராக்ஸஸ் ஸ்லாஷ் போன்ற இருசக்கர இயக்க டிரக் நல்ல தொடக்கம். அமெரிக்காவிலேயே அதற்கென்று தனி ஓவல் பிரிவு வைத்து ஓட்டுகிறார்கள். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: அது தாவிக் குதிப்பதற்காகச் செய்த வண்டி, உயரம் அதிகம். அப்படியே ஓவலில் விட்டால் வளைவில் குப்புற விழும். ஷாக் அப்சார்பருக்குள் சிறு குழாய்த்துண்டு போட்டு அதன் நீளத்தைக் குறைத்து, வண்டியைத் தாழ்த்திய பிறகே ஓட்டுங்கள்.

மோட்டாருக்கு வருவோம். பிரஷ்லெஸ் மோட்டாரில் கம்பிச் சுற்று குறையக் குறைய வேகம் கூடும். 17.5 சுற்று என்பது தொடக்கப் பிரிவுகளில் வழக்கமாக ஓடுவது, 13.5 அதைவிட வேகமானது. புதியவர் 17.5 வைத்து, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்துவிடும் ஸ்பீடு கண்ட்ரோலரில், வேகம் கூட்டும் டைமிங் அமைப்பைச் சுழியமாக்கி ஓட்டினால் போதும். அந்த நிலையில் கண்ட்ரோலரின் விளக்கு கண்சிமிட்டிக்கொண்டே இருக்கும். யாரும் கள்ளத்தனமாக வேகம் கூட்டவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. இதற்கு மேல் போனால் காய்ந்த மண்ணில் சக்கரம்தான் சுழலும், கார் நகராது.

மண்ணைப் பார்க்காமல் டயர் வாங்குவது

மற்ற எல்லாத் தவறுகளையும்விட அதிகம் செலவு வைப்பது இது. "இந்த டயர்தான் ஜெயிக்கிறது" என்று காணொளியில் ஒருவர் சொன்னால், அவருடைய களத்தில் ஜெயிக்கிறது என்றுதான் பொருள். அங்கே பல களங்களில் களிமண்ணைக் கொட்டி, சர்க்கரைத் தண்ணீரோ கால்சியம் குளோரைடோ கலந்து, ஈரத்தைப் பிடித்துவைத்து உருட்டுகிறார்கள். அந்தத் தரை கார்கள் ஓட ஓடக் கறுத்து, ரப்பர் படிந்து, ஏறத்தாழத் தார்ச்சாலையாகிவிடுகிறது.

நம்முடைய தரை அப்படியல்ல. கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய வெள்ளீயச் சுரங்க நிலம் என்றால் மணல். என்ன தண்ணீர் ஊற்றினாலும் ஒட்டிப்பிடிக்காது. செம்மண் என்றால் காய்ந்தால் கல், மேலே பொடி. மழை பட்டால் அதே மண் வழுக்குப் பாறையாகிவிடும். மணல் நிலத்தில் ஓவல் போட நினைக்கிறவர்கள் முதல் செலவாக ஒரு லாரி களிமண்ணை வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்கு ஒதுக்கிய பணத்தில் எடுத்தாலும் தகும். சர்க்கரைத் தண்ணீரை இங்கே முயன்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எறும்புகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். கால்சியம் குளோரைடு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும், உண்மைதான். ஆனால் காரின் திருகுகளையும் பேரிங்குகளையும் துருவேற்றிவிடும். நமக்குக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. மாலையில் தண்ணீர் தெளித்து, இரவு தார்ப்பாய் போட்டு மூடி, காலையில் உருட்டினால் நண்பகல் வரை தரை தாங்கும்.

அந்த நண்பகல் வரையிலும் அது ஒரே தரையாக இருப்பதில்லை. காலை எட்டரைக்கு மண் கருஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும். சிறு ரப்பர் முட்கள் உள்ள டயர் கவ்வும். பத்தரைக்கு நிறம் வெளுத்து, கார்கள் ஓடும் தடம் மட்டும் பளபளப்பாக இறுகி, அதன் இருபுறமும் பொடி குவியும். இப்போது முள் டயர் உதவாது. முட்கள் தேய்ந்த பழைய டயரோ வழவழப்பான மென்மையான டயரோ வேண்டும். புதியவர் காலையில் போட்டதைக் கழற்றுவதே இல்லை. காலையில் நன்றாக ஓடிய கார் பதினொரு மணிக்கு வாலைச் சுழற்றியதும் ஷாக்கைத் திருகுகிறார், பிறகு கியரை மாற்றுகிறார், கடைசியில் மோட்டாரைக் குறை சொல்கிறார்.

எந்த டயர் என்று தெரிய ஒரு வழி உண்டு. இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டுக் காரைத் தூக்கி, வலப் பின்டயரைப் பாருங்கள். மேற்பரப்பு மங்கலாக, விரலால் தடவினால் மெல்லிய சொரசொரப்போடு, ரப்பர் சிறு சுருள்களாக எழுந்திருந்தால் டயர் மண்ணைப் பிடிக்கிறது. கண்ணாடிபோல் மின்னினால் ரப்பர் கடினம், கார் சறுக்கிக்கொண்டிருக்கிறது. முட்களுக்கிடையே செம்பொடி அடைத்துக் கெட்டிப்பட்டிருந்தால் முட்கள் மிக நெருக்கம். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரம் உட்புறமாக அளவுக்குமேல் சாய்ந்திருக்கிறது. இதைப் படிக்கப் பழகியவருக்கு டயர் பட்டியல் எதுவும் தேவையில்லை.

டயரை மென்மையாக்கும் திரவம் பூசுவதைச் சில குழுக்கள் அனுமதிப்பதில்லை, கேட்டுவிட்டுப் பூசுங்கள். டயரை வளையத்தில் ஒட்டும் பசை ஈரக்காற்றுப் பட்டாலே இறுகும் வகை. மூடியைத் திறந்து வைத்தால் நம் ஊரில் குப்பியோடு போய்விடும். சிறிய குப்பியாக வாங்குங்கள்.

நான்கு சக்கரமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்ற எண்ணம்

இடப்பக்கம் மட்டுமே திரும்பும் காருக்குச் சமச்சீர் தேவையில்லை. பின்பக்கத்து வலச் சக்கரம் இடச் சக்கரத்தைவிடச் சில மில்லிமீட்டர் பெரிதாக இருக்கும். எவர்சில்வர் டம்ளரைத் தரையில் படுக்கவைத்து உருட்டினால், அகன்ற வாய் வெளிப்புறமாகச் சுற்ற, அது தானே வட்டமடிக்கும் அல்லவா, அதே கணக்கு. காரைக் கழுவிக் காயவைத்து, சக்கரங்களை இடம் மாற்றிப் பூட்டிவிட்டு, "நேற்று நன்றாகத் திரும்பிய கார் இன்று திரும்பவே மாட்டேன் என்கிறது" என்று புலம்புவது புதியவர்களிடம் வாடிக்கை. வளையத்தின் உட்புறம் மார்க்கரால் 'வ', 'இ' என்று எழுதிவையுங்கள்.

பேட்டரி, கண்ட்ரோலர் எல்லாவற்றையும் இடப்பக்கம் தள்ளிவைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். வளைவில் எடை தானாக வலப்பக்கம் சாயும். ஆனால் வழுக்கும் மண்ணில் அளவுக்கு மீறி இடப்பக்கம் தள்ளினால் வலப் பின்சக்கரத்தை மண்ணில் அழுத்த எடையே இருக்காது. தரை வழுக்க வழுக்க எடையைச் சிறிது வலத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. வலமுன் சக்கரமும் இடப்பின் சக்கரமும் சேர்ந்து தாங்கும் எடையின் பங்கைக் குறுக்கெடை என்பார்கள். அது கூடினால் கார் திரும்ப மறுக்கும். குறைந்தால் வால் வீசும். ஒரே ஒரு ஷாக்கின் வளையத்தைத் திருகினாலும் இது மாறிவிடும். உயரத்தைச் சரிசெய்வதாக நினைத்து நான்கு வளையங்களையும் மனம்போல் திருகுகிறவர் எதை மாற்றினோம் என்பது தெரியாமலே மாற்றுகிறார். ஒரே மாதிரியான நான்கு சமையலறைத் தராசுகள் போதும், ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்று. எண்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

வெப்பம்

அமெரிக்கக் கியர் அட்டவணையை அப்படியே பின்பற்றுவது இங்கே மோட்டாரைக் கொல்லும் வழி. குளிர்ந்த மாலையில் அவர்கள் போடும் பினியன் (மோட்டார் தண்டில் பூட்டும் சிறு பற்சக்கரம்), நம் முப்பத்துமூன்று பாகை வெயிலில் மோட்டாரை அடுப்பாக்கிவிடும். ஓவலில் மோட்டாருக்கு ஓய்வும் குறைவு. பரிந்துரைத்ததைவிட ஒன்றிரண்டு பல் குறைந்த பினியனில் தொடங்கி, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, வெப்பமானித் துப்பாக்கியால் பாருங்கள். எழுபது பாகையைத் தாண்டினால் பல்லைக் குறையுங்கள். அதற்கு மேலும் ஏறவிட்டால் உள்ளே உள்ள காந்தம் வலுவிழக்கும், அது திரும்பி வராது. ஷாக் எண்ணெயும் அப்படித்தான், வெயிலில் நீர்த்துப்போகும். காலையில் போட்ட எண்ணெய் மதியம் மெல்லியதாக நடந்துகொள்ளும்.

லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி விஷயத்தில் நான் சற்றுக் கடுமையாகவே பேசுவேன், ஏனென்றால் மற்ற தவறுகள் பணத்தைத்தான் எரிக்கும். இரண்டு செல் பேட்டரியின் பெயரளவு மின்னழுத்தம் 7.4 வோல்ட், நிறைந்தால் 8.4. 5000 மில்லியாம்பியர்-மணி பேட்டரியை 5 ஆம்பியரில் ஏற்றுங்கள். அடுத்த ஓட்டத்துக்கு நேரமாகிறது என்று அதைக் கூட்டாதீர்கள். செல்களைச் சமமாக ஏற்ற உதவும் சமநிலைக் கம்பியைச் செருகாமல் ஏற்றாதீர்கள். ஓடி முடித்த சூட்டிலேயே சார்ஜரில் போடாதீர்கள். செல் ஒன்றுக்கு 3.2 வோல்ட்டில் கண்ட்ரோலர் நிறுத்தும்படி அமைத்துவையுங்கள். அடுத்த வாரம்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றால் செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட்டில் வைத்துவிடுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்; மூடிய கார் ஐம்பது பாகையை எளிதில் தாண்டும். உப்பிய பேட்டரியைக் குத்திப் பார்க்கவும் வேண்டாம், வீட்டுக் குப்பையில் போடவும் வேண்டாம், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். தீத்தடுப்புப் பை விலை குறைவு. வீட்டில், படுக்கையறையில், இரவில் ஏற்றிவிட்டுத் தூங்குகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு நாகரிகமான சொல் இல்லை.

கனெக்டரைப் பற்றவைக்க நல்ல சால்டரிங் கோல் வாங்கிக்கொள்ளுங்கள். புடு ஜாலான் பாசார் மின்னணுக் கடைகளில் எல்லாம் கிடைக்கும். மலிவான பற்றவைப்பு சூடேறி, பந்தயத்தின் நடுவில் கழன்றுவிழும்.

விசையை விடத் தெரியாதது

புதியவரின் விரல் ரிமோட்டின் வேக விசையை முழுக்க அழுத்தியே இருக்கும். வளைவின் நடுவில் கார் சறுக்கியதும் விடுவார். அதற்குள் காலம் கடந்திருக்கும். நேர்ப்பகுதி முடிவதற்குச் சற்று முன்பே விட்டு, வெளிப்புறமிருந்து உள்ளே வந்து, வளைவின் நடுப்பகுதியில் உட்கோட்டைத் தொட்டு, மறுபடி மெல்ல அழுத்திக்கொண்டு வெளியே விரிய வேண்டும். பின்பகுதி வெளியே வீசினால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் சிறிது கொடுங்கள். ரிமோட்டில் ஸ்டியரிங் வீச்சைக் குறைக்கும் அமைப்பு இருக்கும். அதைக் குறைத்துவைத்தால் பதற்றத்தில் கை அதிகம் போனாலும் கார் சுழலாது. கண் காரின் மேல் இருக்கக் கூடாது, அது போகப்போகும் இடத்தில் இருக்க வேண்டும்.

பயிற்சியில் யார் வேகம் என்று பார்ப்பதை நிறுத்துங்கள். தவறில்லாமல் இருபது சுற்று வர முடிகிறதா என்று பாருங்கள். நான்கு நிமிடப் பந்தயத்தில் ஒருமுறை கவிழ்ந்து, மார்ஷல் ஓடிவந்து தூக்கிவைக்கும் நேரத்தில் மெதுவாக ஓட்டியவர் உங்களைக் கடந்துபோயிருப்பார்.

மழை வரும்போது காரைப் பற்றி மட்டும் கவலைப்படுவதும் தவறே. நம் வட்டாரத்தில் பிற்பகல் இடிமின்னல் சாதாரணம். திறந்தவெளியில் உயர்ந்த இரும்பு மேடையின் மேல் ரிமோட்டோடு நிற்கிறோம். முதல் இடி கேட்டதும் இறங்குங்கள், எத்தனை சுற்று மீதமிருந்தாலும் சரி. நனைந்த காரை அன்றிரவே பிரித்துத் துடைத்து, பேரிங்குகளுக்கு எண்ணெய் விட்டு வையுங்கள். இல்லையென்றால் மறுநாள் காலைக்குள் துரு பிடித்துவிடும். மோட்டாரிலிருந்து கண்ட்ரோலருக்குப் போகும் மெல்லிய சென்சார் கம்பியின் முனையில் சேறு இருந்தால், அடுத்த முறை கார் திக்கித் திக்கி ஓடும்; அதற்கும் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள்.

உங்கள் ஓட்டம் முடிந்ததும் ரிமோட்டை வைத்துவிட்டு நிழலுக்குப் போய்விடக் கூடாது. அடுத்த ஓட்டத்துக்கு நீங்கள்தான் மார்ஷல். கவிழ்ந்த காரைத் தூக்கிவைக்க வளைவில் நிற்க வேண்டும். உங்களுடைய கார் கவிழ்ந்து யாரோ ஒரு தம்பி ஓடிவரும்போது விசையிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். சுழலும் சக்கரம் விரலைக் கிழிக்கும். அவன் வைத்துவிட்டுக் கையை எடுத்த பிறகு, பின்னால் வருகிறவர்களைப் பார்த்து, இடைவெளியில் உள்ளே நுழையுங்கள்.