சைகை மொழியைப் பேச்சாக்கும் ப்ராஜெக்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி பிறந்தால் போதும், இறுதியாண்டு மாணவர்கள் சைகை மொழி ப்ராஜெக்ட்டோடு வந்துவிடுவார்கள். தொடக்கத்தில் நாங்கள் சறுக்கிய இடங்களிலேயே இவர்களும் சறுக்குகிறார்கள். வெளிச்சம் போதவில்லை, கேமரா ஆடுகிறது என்பதையெல்லாம் அவர்களே சரிசெய்துகொள்வார்கள், விட்டுவிடுகிறேன்.

அமெரிக்க டேட்டாவை எடுப்பது

இந்தியச் சைகை மொழி வேறு. ஆங்கில எழுத்துகளையே அங்கே ஒரு கையால் காட்டுவார்கள், இங்கே பெரும்பாலும் இரு கைகளால். சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட இன்க்ளூட் தொகுப்பில் 263 சொற்களுக்கு 4,287 வீடியோக்கள் இருக்கின்றன. அதிலிருந்து தொடங்குங்கள்.

முகத்தை வெட்டுவது

எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சல் இது. வீடியோவில் கை, முகம், உடல் எங்கே இருக்கின்றன என்று புள்ளி வைத்துக் காட்டும் கூகுள் மென்பொருள் மீடியாபைப். அது ஒரு கைக்கு 21 புள்ளிகள் தருகிறது. இரு கைக்கும் சேர்த்து 42 போதும் என்று முடிவுகட்டி, கழுத்துக்கு மேலே எதுவும் தெரியாமல் வீடியோ எடுத்துவிடுகிறார்கள். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியை இந்தியச் சைகை மொழியில் முகம்தான் கேட்கிறது. புருவம் உயரும், கண் விரியும், தலை சற்று முன்னே வரும். கை அசைவு மாறாது.

ஒரு கல்லூரி டெமோவுக்குக் காது கேளாத பெரியவர் ஒருவரை அழைத்திருந்தார்கள். “மாத்திரை போட்டாச்சா?” என்று சைகையில் கேட்டார். ஸ்பீக்கர் “மாத்திரை போட்டாச்சு” என்றது. மாணவர்கள் கைதட்ட, சரியாகத்தான் சொல்லியிருக்கிறது என்று நம்பி அவரும் சிரித்தார். தன் பெயரில் என்ன பேசப்பட்டது என்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை. இதே மாடலை, அதாவது வீடியோக்களைப் பார்த்துச் சைகைகளைக் கற்ற இந்த நிரலை, மருத்துவமனையில் வைத்தால், நோயாளி கேட்கும் கேள்வி நர்ஸின் காதில் பதிலாக விழும்.

அதனால் தலையிலிருந்து இடுப்பு வரை ஃப்ரேமில் வரட்டும். முகப் புள்ளிகளையும் மாடலுக்குக் கொடுங்கள். பேசும் வாக்கியத்தைத் திரையிலும் காட்டுங்கள். தவறென்றால் சைகை செய்தவரே நிறுத்துவார். வெட்டி எடுத்த வீடியோவிலிருந்து முகத்தை மீட்க முடியாது. அத்தனை பேரையும் திரும்ப வரவழைத்து, முதலிலிருந்து எடுக்க வேண்டியதுதான்.

சென்சார் கையுறை

வேண்டாம். 2016இல் அமெரிக்காவில் 10,000 டாலர் பரிசு வாங்கிய, சைகையைப் பேச்சாக்கும் கையுறைக்கும் முகம் தெரியாது.

பயிற்சிக்கும் சோதனைக்கும் ஒரே ஆள்

99 சதவீதம் துல்லியம் வந்தால் சந்தேகப்படுங்கள். மாடல் பார்த்தே இராத ஒருவரை நிறுத்திச் சோதியுங்கள்.

காது கேளாதோரை டெமோ அன்று மட்டும் அழைப்பது

முதல் நாளே அழையுங்கள். அவர்கள் நேரத்துக்குப் பணம் கொடுங்கள்.