சைடு மிரரில் உங்கள் கார் தெரியக் கூடாது: பிளைண்ட் ஸ்பாட்டைக் குறைக்கும் செய்முறை

இண்டிகேட்டர் போட்டாயிற்று, மிரரும் பார்த்தாயிற்று. வண்டியை மெல்ல அடுத்த லேனுக்குத் திருப்பும்போது பக்கத்திலேயே ஒரு ஹாரன் அலறுகிறது. "எங்கிருந்து வந்தான்?" என்று பதறுகிறோம். அவர் புதிதாக எங்கிருந்தும் வரவில்லை, இவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்தார். நம் மிரர்தான் அவரைக் காட்டவில்லை.

புதிதாகக் கார் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் சைடு மிரரில் தங்கள் கதவும் பின்பக்கமும் நன்றாகத் தெரியும்படி வைத்துக்கொள்கிறார்கள். அப்படி வைத்தால் ரியர்வியூ மிரர் காட்டும் அதே சாலையைத்தான் சைடு மிரரும் காட்டும். மூன்று மிரர் இருந்தும் பார்ப்பது ஒரே காட்சி. பக்கத்து லேனில் நமக்குச் சற்றுப் பின்னால் வருகிறவர் எதிலும் படமாட்டார். அந்த மறைவிடம்தான் பிளைண்ட் ஸ்பாட். ஜார்ஜ் பிளாட்சர் என்ற பொறியாளர் 1995-ல் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்துக்கு எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு எளிய வழி சொன்னார். கீழே இருப்பது அந்த வழிதான். கருவி எதுவும் வேண்டாம், வண்டியை ஓரமாக நிறுத்தினால் போதும்.

முதலில் சீட்

சீட்டை மாற்றினால் மிரரும் மாறிவிடும். அதனால் இதை முடித்துவிட்டே மிரரைத் தொடுங்கள். முதுகு சீட்டில் ஒட்டியிருக்க, பிரேக்கை முழுக்க மிதித்தாலும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். தோள் சீட்டை விட்டு எழாமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் படிய வேண்டும். ஏர்பேக் இருப்பதால் ஸ்டீயரிங்கின் நடுவுக்கும் நெஞ்சுக்கும் குறைந்தது 25 செ.மீ. இடைவெளி விடுங்கள். ஹெட்ரெஸ்டின் மேல் விளிம்பு உங்கள் உச்சந்தலை மட்டத்துக்கு வரட்டும். சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பில் படிய வேண்டும்.

பிறகு ரியர்வியூ மிரர்

பின் கண்ணாடி முழுவதும் இதற்குள் அடங்க வேண்டும். இரவில் கண்கூச்சத்தைக் குறைக்கும் குட்டி நெம்புகோல் இருந்தால், அதைப் பகல் நிலையில் வைத்துக்கொண்டு சரிசெய்யுங்கள். மிரரில் எதையும் தொங்கவிடாதீர்கள். பின் கண்ணாடியை மறைக்கும் பொம்மை, பெட்டி, துணி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இந்த முறை முழுக்க முழுக்க இந்த மிரரை நம்பித்தான் இருக்கிறது.

இப்போது சைடு மிரர்கள்

ஓட்டுநர் பக்கம்: தலையைக் கதவுக் கண்ணாடியைத் தொடும் அளவுக்குச் சாய்த்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் காரின் பின்பக்கம் கீற்றாக மட்டும் தெரியும்வரை மிரரை வெளிப்புறம் திருப்புங்கள்.

பயணி பக்கம்: இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவே தலையைக் கொண்டுவந்து, அங்கிருந்து அதே கீற்று தெரியும்படி வையுங்கள்.

இரண்டிலும் தொடுவானம் ஏறக்குறைய மிரரின் நடுவில் இருக்கட்டும். இனி நிமிர்ந்து உட்கார்ந்தால் உங்கள் கார் இரண்டு மிரரிலும் தெரியாது.

பலர் இந்த இடத்தில்தான் முறையைக் கைவிட்டுப் பழையபடி திருப்பிவிடுகிறார்கள். காரின் உடம்பு தெரியாவிட்டால் மிரர் எந்தத் திசையைக் காட்டுகிறது என்றே பிடிபடாது; மனம் ஒப்பாது. அதனால் நம்புவதற்கு முன் சோதித்துப் பாருங்கள்.

போக்குவரத்து உள்ள சாலையில், நிறுத்த அனுமதியுள்ள ஓரத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு, பின்னாலிருந்து உங்களைக் கடக்கும் ஒரு காரைக் கண்ணால் தொடருங்கள். முதலில் ரியர்வியூ மிரரில் வரும். அதிலிருந்து முழுக்க விலகும் முன்பே சைடு மிரரில் நுழைய வேண்டும். சைடு மிரரை விட்டு மறையும் முன்பே அதன் முன்பகுதி உங்கள் கடைக்கண்ணில் நேரடியாகப் பட வேண்டும். ஓட்டப்பந்தயத்தில் கோல் கைமாறுவதுபோல, ஒரு கை விடும் முன் மறு கை பிடித்திருக்க வேண்டும். கடைக்கண்ணில் படும் முன்பே கார் காணாமல் போனால் மிரரைத் துளி வெளியே தள்ளுங்கள். ரியர்வியூ மிரரை விட்டுப் போன பிறகும் சைடு மிரரில் வரத் தாமதித்தால் துளி உள்ளே இழுங்கள். மறுபக்கத்துக்கு நண்பர் ஒருவரைப் பின்னாலிருந்து நடந்துவரச் சொன்னாலே போதும்.

சைடு மிரர் குவிந்ததாக இருந்தால் வண்டிகளைச் சிறிதாக, அதனால் தொலைவில் இருப்பதுபோல் காட்டும். தூரத்தையும் வேகத்தையும் ரியர்வியூ மிரரில் கணியுங்கள். பக்கத்தில் ஆள் உண்டா இல்லையா என்பதற்கு மட்டும் சைடு மிரர்.

லேன் மாறும் வரிசை

ரியர்வியூ மிரர், சைடு மிரர், இண்டிகேட்டர், தோளுக்கு மேல் ஒரு பார்வை, பிறகே ஸ்டீயரிங். மிரரை எவ்வளவு சரியாக வைத்தாலும் அந்தத் தோள் பார்வையை விடாதீர்கள். பைக்கும் சைக்கிளும் சின்ன இடைவெளியிலும் மறைந்துகொள்ளும். உடம்பை முறுக்க வேண்டாம், தாடை தோளை நோக்கித் திரும்பினால் போதும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும் என்பதால், திரும்பிப் பார்க்கும் முன் முன்னால் இடைவெளி இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும் எண்ணத் தொடங்கி, நீங்கள் அதே கம்பத்தை அடையக் குறைந்தது 2 நொடி ஆக வேண்டும். மழையில் 4.

ரியர்வியூ மிரரின் மேல் மாட்டும் அகலமான கிளிப் மிரர் எனக்குப் பிடிக்காது. தூரக் கணிப்பையே கெடுத்துவிடும். பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கை விளக்கு உள்ள கார் நல்லதுதான், ஆனால் பின் பம்பரில் சேறு படிந்தால் அதன் சென்சார் தடுமாறலாம். காசு செலவழிப்பதென்றால் ஒரு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கதவுப் பையில் வைத்து, கிளம்பும் முன் மிரரைத் துடையுங்கள்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

ரிவர்ஸ் எடுக்கும்போது சாலையோரக் கல் தெரியவில்லை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். உண்மைதான். அப்போது மட்டும் மிரரைக் கீழே சாய்த்து, முடிந்ததும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். சில கார்களில் ரிவர்ஸ் கியர் போட்டதும் அதுவே சாயும்.

பின் கண்ணாடி இல்லாத வேனுக்கும், பின்னால் கூரை வரை சாமான் ஏற்றிய காருக்கும் இந்த முறை வேண்டாம். அங்கே ரியர்வியூ மிரர் உதவாது என்பதால் வண்டியின் உடம்பு சைடு மிரரில் தெரிந்தே ஆக வேண்டும். ஒட்டும் குட்டிக் குவிமிரர் இங்கேதான் நன்றாகப் பயன்படும்.

ஒரு வாசகர் சுட்டிக்காட்டியது முக்கியமானது. நிறுத்திய காரில் கதவு திறக்கும்போது, காரை ஒட்டி வரும் சைக்கிள் இப்படி வைத்த மிரரில் தெரியாமல் போகலாம். ஆகவே தலையைக் கதவுப் பக்கம் சாய்த்து மிரரைப் பாருங்கள். பிறகு கதவுக்குப் பக்கத்துக் கையால் அல்லாமல் தள்ளியிருக்கும் கையால் கைப்பிடியைப் பிடியுங்கள். நெதர்லாந்தின் பெயரால் டச்சு ரீச் என்கிறார்கள். கை குறுக்கே வரும்போது தோளும் தானே பின்னால் திரும்பி, வருகிறவர் கண்ணில் படுவார். பின் சீட்டில் இருப்பவர்களுக்கு மிரரே கிடையாது. குழந்தைகளுக்கு இதை முதலில் பழக்குங்கள்.