டோல்கேட்டில் மட்டும் சூடான ஏசி

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வாரம் இரண்டு முறை காரில் போய்வருகிறேன். ஹைவேயில் 80-ல் போகும்போது ஏசி ஜில்லென்று இருக்கும். டோல்கேட் வரிசையில் நின்றால் போதும், வெறும் காற்றுதான் வரும். வண்டி நகர்ந்ததும் மறுபடி குளிரும்.

ஒரு கடையில், "கேஸ் தீர்ந்துவிட்டது சார், நிரப்பணும்" என்றார்கள். கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை, கசிந்தால்தான் குறையும். குறைந்தாலும் இப்படி ஆகலாம்தான். ஆனால் நிரப்புவதற்கு முன் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, பானெட்டைத் திறந்து பார்த்தேன். என் வண்டியில் முன்பக்கம் இரண்டு ஃபேன். கண்டென்சருக்கான ஃபேன் அசையவே இல்லை. கம்ப்ரஸர் அழுத்திச் சூடாக்கிய கேஸ், கண்டென்சரில்தான் வெப்பத்தை வெளியே விடுகிறது. ஓடும்போது எதிர்காற்று அந்த வேலையைச் செய்துவிடும். நிற்கும்போது ஃபேன் இல்லாவிட்டால் வேறு வழியே கிடையாது.

ஃபியூஸ் நன்றாகவே இருந்தது. அப்புறம் இன்ஜினை அணைத்துவிட்டு, ஃபேன் ரிலேயைக் (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச்) கழற்றி, அதே எண் அச்சிட்ட ஹாரன் ரிலேயை அந்த இடத்தில் செருகினேன். இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போட்டதும் ஃபேன் சர்ரென்று சுற்றியது! (கை, துண்டு எதுவும் அருகில் இருக்கக் கூடாது, திடீரென்று சுற்ற ஆரம்பிக்கும்.) புது ரிலே 200 ரூபாய்க்குள் முடிந்தது. ஹாரன் ரிலேயைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். சேலம் பக்கம் போகும்போது ஹாரன் இல்லாமல் தொப்பூர் கணவாயில் இறங்க எனக்குத் தைரியம் இல்லை.

கையோடு கையாக டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரையும் உருவினேன். மாந்தோப்பு மண்பாதைப் புழுதி மொத்தமும் அதில்தான் இருந்தது. புதிதாக மாற்றியதும் காற்றின் வேகமே கூடிவிட்டது.