இசைக்குழு டி-ஷர்ட் வாங்குமுன்: யூனிசெக்ஸ், பெண்கள் கட் இரண்டையும் அளந்து பார்க்கும் முறை

இசை நிகழ்ச்சியில் டி-ஷர்ட் விற்கும் மேசைக்கு முன்னால் போட்டுப் பார்க்க இடமும் இருக்காது, நேரமும் இருக்காது. அப்படி வாங்கிய மூன்று சட்டைகள் அணியப்படாமலே அலமாரியில் கிடந்த பிறகுதான் இம்முறையை வகுத்துக்கொண்டேன்.

முதலில், உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் பழைய டி-ஷர்ட் ஒன்றைத் தரையில் விரித்து, அக்குளுக்கு ஓர் அங்குலம் கீழே குறுக்காகவும், கழுத்தை ஒட்டிய தோளிலிருந்து கீழ் விளிம்பு வரை நெடுக்காகவும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இதற்குத் தையற்காரர் டேப்பே ஏற்றது. அளவு சொல்லும் கைப்பேசிச் செயலிகளை நான் நம்புவதில்லை.

அடுத்து, கட், அதாவது சட்டை வெட்டப்பட்ட வடிவம், எது என்று பாருங்கள். யூனிசெக்ஸ் என்பது பெரும்பாலும் ஆண்கள் சட்டையின் வடிவமே. பல குழுக்கள் அச்சிடப் பயன்படுத்தும் கில்டன் 5000 என்ற வெற்று டி-ஷர்ட் வகையில் எம் அளவு 20 அங்குல அகலமும் 29 அங்குல நீளமும் கொண்டது. எஸ் முதல் எக்ஸ்எல் வரை அளவுக்கு அளவு அகலம் 2 அங்குலமும் நீளம் ஓர் அங்குலமும் கூடும். பெல்லா கேன்வாஸ் 3001 வகையின் எம் அளவும் ஏறத்தாழ இதே எண்களைத்தான் காட்டும். ஆனால் துணி மெல்லியது என்பதால் உடலோடு ஒட்டி விழும். பெண்கள் கட்டில் பக்கத் தையல் இடையில் உள்வளைந்திருக்கும், கை குட்டையாக இருக்கும், அதே எழுத்துள்ள யூனிசெக்ஸ் சட்டையைவிட அகலமும் குறைவாகவே இருக்கும்.

நான் தடுக்கி விழுந்தது இதற்கு அடுத்த படியில்தான். என் மார்புச் சுற்றளவு 34 அங்குலம். எஸ் அளவின் 18 அங்குலத்தை இரட்டித்தால் 36 என்பதால் அது போதும் என்று வாங்கிவிட்டேன். தையற்காரர்கள் சீட் என்று சொல்லும் பின்புறச் சுற்றளவு எனக்கு 40 என்பதை மறந்துபோனேன். யூனிசெக்ஸ் சட்டை மேலிருந்து கீழ்வரை ஒரே நேராக இறங்குவதால், அது சீட்டைத் தாண்டாமல் இடுப்பில் சுருண்டு ஏறிக்கொண்டது. குழுவின் பெயரே மடிப்புக்குள் போய்விட்டது. ஆகவே மார்பு, வயிறு, சீட் ஆகிய மூன்றில் பெரிய அளவை எடுத்து, 4 அங்குலம் கூட்டி, இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள். எனக்கு 22 வருகிறது, அதாவது எல். அதில் தோள் தையல் புயத்தில் இறங்கி, கை முழங்கையை நெருங்குகிறது. அது பிடிக்காதவர்கள் எம் வாங்கி, இரு பக்கமும் கீழிருந்து 3 அங்குலம் பிளந்து மடித்துத் தைத்துக்கொள்ளலாம். என் இப்போதைய விருப்பம் அதுவே.

பெண்கள் கட்டில் சிக்கல் வேறு. மார்பு பெரியவர்களுக்கும் தோள் அகன்றவர்களுக்கும் கைக்குழி இறுக்கும். அச்சு இழுபட்டு நாளடைவில் வெடிப்பு விடும். அங்கே எஸ், எம் என்ற அளவெழுத்தைப் பார்க்காமல், முதலில் குறித்த அகலத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

பின்சேர்க்கை: கணக்குப் போட்டும் சட்டை தவறாக வந்தது என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். அவர்கள் பார்த்த அளவுப் பட்டியலில் இருந்தது சட்டையின் அளவு அன்று, அணிபவரின் உடலளவு. 38-40 என்பதுபோல் வரம்பாக இருந்தால் பெரும்பாலும் உடலளவு. 20 என்பதுபோல் ஒற்றை எண்ணாக இருந்தால் விரித்த சட்டையின் அகலம். முழுப் பருத்தியானால் துவைத்தபின் சுருங்கும் என்பதால், நீளத்தில் ஓர் அங்குலம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.