படகு பாலிஷ் பயிற்சி வீடியோ: எடுப்பதும் விலை வைப்பதும்

துபாயில் ஆறு வருடம் உல்லாசப் படகுகளைக் கழுவி, தேய்த்து, பாலிஷ் போட்டுவிட்டு தூத்துக்குடிக்குத் திரும்பினேன். வந்த நாளிலிருந்து ஊர்ப் பையன்கள் "அண்ணே, அந்த வேலையைக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவராக உட்காரவைத்துச் சொல்லித் தர முடியவில்லை. வீடியோவாக எடுத்து விற்கலாம் என்று இறங்கினேன். முதல் முயற்சி சரியாக வரவில்லை, இரண்டாவது நன்றாகப் போகிறது. இடையில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். சேனல் தொடங்குவது, வீடியோ ஏற்றுவது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. எந்தப் பாடத்துக்குக் காசு, எதற்கு வேண்டாம்

கழுவுவது, துருக்கறை எடுப்பது, தண்ணீர்க் கோட்டில் படியும் மஞ்சள் கறையை ஆக்ஸாலிக் அமிலம் போட்டு எடுப்பது, இதையெல்லாம் இலவசமாகவே கொடுத்துவிடுங்கள். பார்த்தவுடன் செய்துவிடலாம், தப்பினாலும் பெரிய நஷ்டம் இல்லை. காசு கொடுத்துப் பார்க்க வேண்டிய பாடம் காம்பவுண்ட், அதாவது மேல்படலத்தைத் தேய்த்தெடுக்கும் பசை, போடுவதுதான். ஃபைபர் படகின் மேல்தோலான ஜெல்கோட் சுமார் அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். வெயிலில் வெளுத்து, விரலால் தடவினால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும் மேல்படலத்தை மட்டும் எடுக்க வேண்டும். கூடுதலாக எடுத்தால் அந்த இடம் போனது போனதுதான், திரும்ப ஜெல்கோட் அடிக்க வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதைக் கண்ணால் காட்டத்தான் உங்கள் வீடியோ.

2. முதலில் உடைந்த பலகை

யாருடைய படகிலும் முதல் பாடம் எடுக்காதீர்கள். ஃபைபர் படகு கட்டும் பட்டறைகளில் வெட்டி எறிந்த துண்டுகள் கிடக்கும். ஜெல்கோட் உள்ளதாகப் பார்த்து, இரண்டடிக்கு இரண்டடி துண்டு நான்கு வாங்கினேன். இரண்டு மாதம் மொட்டைமாடியில் போட்டு வைத்தேன், வெளுக்க ஆரம்பித்துவிட்டது.

அதில் ஒன்றை வேண்டுமென்றே கெடுத்தேன். ரோட்டரி மெஷினில் (வட்டமாகச் சுழலும் பாலிஷ் மெஷின்) கம்பளி பேடு மாட்டி, பலகையின் விளிம்பிலேயே நிறுத்தி வைத்தேன். முதலில் பளபளப்பு வந்தது. அப்புறம் அந்த இடம் மட்டும் லேசாக மங்கி, அடியிலிருந்து கண்ணாடி இழையின் நெசவு வலைபோலத் தெரிய ஆரம்பித்தது. கேமராவை ஒரு சாண் தூரத்தில் வைத்து இதை எடுத்தேன். நாற்பது விநாடிதான். என்னிடம் வாங்கியவர்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பதாகச் சொல்லும் காட்சி இதுதான். விளிம்பிலும் மூலையிலும் டேப் ஒட்டச் சொல்வதற்கான காரணம் வார்த்தையே இல்லாமல் விளங்கிவிடும்.

3. வெள்ளைப் படகில் பளபளப்பைக் காட்டுவது

நான் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் தடவை ஒரு முப்பது அடிப் படகின் பக்கவாட்டை இரண்டு நாள் பாலிஷ் போட்டு, போடுவதற்கு முன்னும் போட்ட பின்னும் வீடியோ எடுத்தேன். நேரில் பார்த்தால் முகம் தெரியும் பளபளப்பு. வீட்டில் வந்து கணினியில் ஓட்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே சாம்பல் நிறம். இரண்டு நாள் உழைப்பு வீடியோவில் இல்லவே இல்லை.

காரணம் இரண்டு. ஒன்று, கைபேசி கேமரா தானாக வெளிச்சம் சரிசெய்யும்போது, முன்னால் இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடும். படம் முழுக்க வெள்ளைப் படகு இருந்தால் அதையும் சாம்பலாக்கிவிடும். வெளுத்த ஜெல்கோட்டும் பாலிஷ் போட்ட ஜெல்கோட்டும் அங்கே ஒன்றுதான். இரண்டு, கண் கூசாமல் இருக்கட்டும் என்று நான் போலரைசர் ஃபில்டர் மாட்டியிருந்தேன். அது பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர். பளபளப்பு என்பதே பிரதிபலிப்புதானே. தண்ணீர் நிற்கும் டெக், கண்ணாடி இவற்றை எடுக்கும்போது போலரைசர் நன்றாக உதவும். பாலிஷ் காட்டும் காட்சியில் கழற்றி வைத்துவிடுங்கள்.

இப்போது நான் செய்யும் முறை:

படகு நிற்கும் அதே வெளிச்சத்தில் சிமென்ட் தரையை நோக்கிக் கேமராவைப் பிடித்து, அந்த வெளிச்ச அளவைப் பூட்டுகிறேன். அப்புறம்தான் படகின் பக்கம் திருப்புகிறேன். வெள்ளை வெள்ளையாகவே வரும். ஏதாவது இடம் வெளிறி விவரம் போனால் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), ஷட்டர் வேகம், வொயிட் பேலன்ஸ் (வெள்ளை நிறச் சமன்) மூன்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைக்கிறேன். பாலிஷ் முடிந்து பின்காட்சி எடுக்கும்போது அதே எண்கள், அதே இடம், கூடியவரை அதே நேரம். கைபேசியோடு வரும் செயலியை மூடித் திறந்தால் பூட்டு போய்விடும். அதனால் நான் பிளாக்மேஜிக் கேமரா செயலியைத்தான் பரிந்துரைப்பேன். இலவசம், ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் கிடைக்கிறது. உங்கள் ஆண்ட்ராய்டு கைபேசிக்கு வருகிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, படகில் எதிரொளிக்க ஏதாவது வேண்டும். வானம் மட்டும் எதிரொளித்தால் பளபளப்பு தெரியாது. ஒரு ஸ்டீல் அளவு டேப்பை எடுத்து, அதன் நுனி படகைத் தொடும்படி குத்தாக நீட்டிப் பிடியுங்கள். டேப்பின் எண்கள் ஜெல்கோட்டில் தலைகீழாகத் தெரியும். வெளுத்த பலகையில் ஒன்று என்ற எண்ணே மங்கலாக இருக்கும். என் பலகையில் காம்பவுண்ட் முடிந்ததும் ஆறு வரை படிக்க முடிந்தது, பாலிஷ் முடிந்ததும் பன்னிரண்டைத் தாண்டியது. இதைக் காட்டிய பிறகு "பளபளக்குது பாருங்க" என்று பேசவே வேண்டியதில்லை.

கடைசியாக, மெஷின் விட்டுச் செல்லும் சுழல் கோடுகள். மேகமூட்டத்தில் எந்தக் கோடும் தெரியாது, எல்லாம் அழகாகவே இருக்கும். வாடிக்கையாளர் மறுநாள் வெயிலில் பார்க்கும்போதுதான் சிலந்திவலை மாதிரி கிளம்பும். ஒரு சின்ன டார்ச்சைப் பக்கவாட்டில், படகை ஒட்டினாற்போல் பிடித்து எடுங்கள். காம்பவுண்ட் விட்ட கோடுகளை பாலிஷ் எப்படி எடுக்கிறது என்பதைக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கொட்டகைக்குள் எல்இடி விளக்கில் எடுத்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 வையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், வேறு வேகத்தில் வைத்தால் படம் மினுக்கலாம்.

தண்ணீரில் மிதக்கும் படகின் டெக்கை எடுக்கும்போது முக்காலியைக் கரையில் வைக்காதீர்கள், படகு ஆடிக்கொண்டே இருக்கும். முக்காலியைப் படகிலேயே வைத்தால் பின்னால் கரைதான் ஆடும், வேலை நடக்கும் இடம் அசையாது. பக்கவாட்டு வேலையைப் படகு கரையேறி நிற்கும்போது மட்டும் எடுங்கள்.

நேரம்: காலை ஆறிலிருந்து எட்டரை வரை. அதற்கு மேல் ஜெல்கோட் சூடேறி காம்பவுண்ட் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். வீடியோவுக்கும் கெடுதல், வேலைக்கும் கெடுதல்.

4. பேச்சு

மெஷின் ஓடும்போது பேசிப் பதிவு செய்ய முயலவே வேண்டாம். படத்தை எடுத்துவிட்டு, வீட்டில் துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதன் முன்னால் உட்கார்ந்து பேசுங்கள். எதிரொலியே வராது. ஆனால் மெஷின் சத்தத்தை முழுக்க நீக்கிவிடாதீர்கள், அடியில் மெதுவாக ஓடட்டும். பேடு அதிகமாக அழுத்தப்பட்டால் சத்தம் கனத்துவிடும். கற்றுக்கொள்பவர் காதுக்கு அது தெரிய வேண்டும். கடற்கரையில் நேரடியாகப் பேசித்தான் ஆக வேண்டுமென்றால் மைக்குக்கு ரோம உறை கட்டாயம்.

எந்தத் தமிழில் பேசுவது என்று ரொம்ப யோசித்தேன். வளைகுடாவுக்குப் போகிற பையனிடம் மேற்பார்வையாளர் காம்பவுண்ட், பேடு, வேக்ஸ் என்றுதான் சொல்வார், டப்பாவிலும் அதுதான் எழுதியிருக்கும். அந்த வார்த்தைகளை அப்படியே வைத்துக்கொண்டேன். ஏன், எப்படி என்பதையெல்லாம் நல்ல தமிழில் விளக்கினேன்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். கேமரா முன்னால் முகக்கவசம், கையுறை, கண்ணாடி இல்லாமல் நிற்காதீர்கள். பார்ப்பவர் நீங்கள் செய்வதைத்தான் செய்வார், சொல்வதை அல்ல. குறிப்பாக அடிப்பகுதியில் பூசும் பாசி எதிர்ப்புப் பெயிண்டில் பெரும்பாலும் தாமிரம் இருக்கும். அதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பும் காட்சியை யாரும் எடுக்கவே கூடாது. தண்ணீர் பக்கத்தில் மெஷின் ஓட்டும்போது மின்கசிவு துண்டிப்பான் இருக்கும் இணைப்பில் மாட்டுவதையும் படத்தில் காட்டுங்கள்.

5. விலை

முதலில் நான் 299 ரூபாய் வைத்தேன். குறைவாக இருந்தால் நிறையப் பேர் வாங்குவார்கள் என்று நினைத்தேன். உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் நிலைமை புரிந்தது.

எழுத 20 மணி நேரம், ஒன்பது காலைகளில் படப்பிடிப்பு 27 மணி நேரம், எடிட்டிங் 70. மொத்தம் 117 மணி நேரம். மணிக்கு 300 ரூபாய் என்று என் கூலியைப் போட்டால் 35,100. காம்பவுண்ட், பேடு, டேப், பலகை என்று பொருட்களுக்கு 14,000. மைக், விளக்கு, முக்காலி 11,000. ஆக 60,100 ரூபாய். பணம் வாங்கித் தரும் நிறுவனத்துக்கு 2 சதவீதமும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் போனால் 299-இல் கையில் வருவது 292. போட்ட பணம் திரும்பவே 206 பேர் வாங்க வேண்டும். எனக்கு முதல் வருடம் எதிர்பார்க்க முடிந்ததோ 60 பேர். அந்தக் கணக்கில் ஆயிரத்துக்குக் கீழே வைத்தால் என் உழைப்பை நானே தள்ளுபடி செய்கிறேன்.

ஆனால் செலவுக் கணக்கு அடிமட்டம் மட்டும்தான் சொல்லும். மேலே எவ்வளவு போகலாம் என்பதற்கு வாங்குபவர் பக்கம் நின்று பாருங்கள். ஒரு இடத்தில் ஜெல்கோட்டை எரித்துவிட்டால் சரிசெய்ய ஆகும் செலவு, ஒரு சின்னப் படகுக்கு அவர் வாங்கும் கூலி, இந்த இரண்டும்தான் அளவுகோல். படகு வேலைக்கு அடிக்கணக்கில்தான் கூலி பேசுவோம், அதனால் இந்தக் கணக்கு எளிது. இருபது அடிப் படகுக்கு உங்கள் ஊரில் கிடைக்கும் கூலியில் கால் பங்குக்கு மேல் விலை போகக் கூடாது என்பது என் கணிப்பு. வீடியோ எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதை வைத்து விலை போடவே போடாதீர்கள். நீளத்துக்குக் காசு என்றால் இழுக்கத் தோன்றும்.

நான் இப்போது 1,499 வைத்திருக்கிறேன். கட்டணம் போகக் கிட்டத்தட்ட 1,463 வருகிறது. இன்னொன்று 4,999. அதை வாங்குபவர் தன் பலகையில் செய்த வேலையை மூன்று முறை படம் எடுத்து அனுப்பலாம், நான் பார்த்துத் திருத்தம் சொல்வேன். இதைத் தனியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. 299-க்கு வாங்கியவர்கள் எல்லோரும் வாட்ஸப்பில் கேள்வி கேட்டார்கள், கேட்பதும் நியாயம்தான். ஒருவருக்கு அரை மணி நேரம் போனது. அந்த நேரத்துக்கும் விலை இருக்க வேண்டும்.

வருட வருமானம் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், இதற்கு 18 சதவீதம். அப்போதும் 1,499-ஐயே வைத்தால் வரி போக 1,270தான் உங்களுக்கு. வளரும் எண்ணம் இருந்தால் முதலிலேயே இதை யோசித்து, ஒரு ஆடிட்டரிடமும் பேசிவிடுங்கள்.

பிறகு சேர்த்தது

பாதியில் பேச்சும் வாயசைவும் விலகிப் போகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கைபேசி சில நேரம் ஃபிரேம் வேகத்தை (விநாடிக்கு எத்தனை படம் என்பதை) மாற்றி மாற்றிப் பதிவு செய்யும். எடிட்டிங்கில் போடும் முன் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் போட்டால் பிரச்சினை வராது. அதன் இலவசப் பதிப்பே இந்த வேலைக்குத் தாராளம்.

மறுபடியும் சேர்த்தது

யூடியூபில் பட்டியலிடாத வீடியோவாகப் போட்டு இணைப்பை மட்டும் விற்கலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இணைப்பு யார் கையில் கிடைத்தாலும் வீடியோ திறக்கும். ஒரே வாரத்தில் எனக்குத் தெரியாத குழுக்களில் சுற்றியது. இப்போது உள்நுழைந்து பார்க்கும் தளத்தில் வைத்து, வாங்கியவரின் கைபேசி எண் திரையின் ஓரத்தில் மெலிதாகத் தெரியும்படி செய்திருக்கிறேன். படகு உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குவதையும், படகின் பதிவு எண்ணை மறைப்பதையும் அந்தத் தம்பிக்குத் தனியாகச் சொன்னேன், இங்கேயும் எழுதி வைக்கிறேன். துறைமுக வளாகத்துக்குள் எடுப்பதாக இருந்தால் கேமராவுக்கும் தனியாக அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.