கிரனாடாவுக்கு இரண்டு நாள்: முதலில் டிக்கெட், பிறகுதான் மற்றதெல்லாம்

ஸ்பெயினுக்கு முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் மாட்ரிட், பார்சலோனாவோடு திரும்பிவிடுகிறார்கள். கையில் இன்னும் இரண்டு நாள் இருந்தால் தெற்கே கிரனாடாவுக்கு ஒரு எட்டு போய் வாருங்கள். மலைமேல் முஸ்லிம் மன்னர்களின் அல்ஹம்ப்ரா கோட்டை, எதிர்ப்பக்கம் சந்துசந்தாகப் பழைய ஊர், குடிக்க ஏதாவது வாங்கினால் கூடவே ஓசியில் ஒரு தட்டு தின்பண்டம். ஆனால் இந்த ஊருக்கு ரயில், ரூம் என்று தொடங்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

படி 1: அல்ஹம்ப்ரா டிக்கெட்டைப் பிடியுங்கள்

கோட்டையின் மற்ற பகுதிகளை நம் வேகத்தில் சுற்றலாம். அதன் உயிரான, நஸ்ரித் வம்ச மன்னர்களின் அரண்மனைகளுக்கு மட்டும் நேரம் குறித்துத்தான் அனுமதி. டிக்கெட்டில் உள்ள நேரத்துக்கு வாசலில் நிற்க வேண்டும். தவறவிட்டால் டிக்கெட் இருந்தும் பயனில்லை. வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் வாரக்கணக்கில் முன்பே விற்றுத் தீர்ந்துவிடும். எனவே அதிகாரபூர்வத் தளத்தில் எந்தத் தேதியில் இடம் இருக்கிறது என்று பார்த்து, அதைச் சுற்றி மற்றதைப் போடுங்கள்.

வாங்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். தோட்டங்களும் கோட்டை அரணும் மட்டும் பார்க்கிற மலிவான டிக்கெட் ஒன்று உண்டு. அதில் அரண்மனைகள் கிடையாது. விலையைப் பார்த்து அவசரப்பட்டு அதை வாங்கிவிடாதீர்கள். இரண்டாவது, டிக்கெட்டில் பதிகிற அதே பாஸ்போர்ட்டைக் கையில் கொண்டு போங்கள்.

படி 2: விசா, மாதம்

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம்; 15 நாளுக்குக் குறைவாக வைத்துக்கொள்ளக் கூடாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஏப்ரல், மே அல்லது அக்டோபர் நல்லது. ஜூலை, ஆகஸ்டில் மதிய வெயில் மண்டையைப் பிளக்கும்.

படி 3: போய்ச் சேர்வது, தங்குவது

மாட்ரிடிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் மூன்றரை மணி நேரம். மாலகாவில் இறங்குகிறவர்களுக்குப் பேருந்தே போதும். ரூமை பிளாசா நுவேவா சதுக்கத்தின் பக்கத்தில் எடுங்கள். கோட்டைக்கு எதிரே பழைய ஊரான அல்பைசீன் மேட்டில் வீடுகள் அழகுதான், ஆனால் பல சந்துகளில் கார் நுழையாது. கூழாங்கல் பாவிய ஏற்றத்தில் டிராலி பெட்டியை இழுத்துப் பார்த்தால் தெரியும்.

படி 4: கோட்டை நாள்

நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். சின்னச் சிவப்புப் பேருந்தில் ஏறி, டிக்கெட் கவுன்டர் இருக்கும் வாசலில் இறங்கினேன். கையில்தான் டிக்கெட் இருக்கிறதே, அங்கே எனக்கு என்ன வேலை? அங்கிருந்து அரண்மனைக்குப் பதினைந்து நிமிட நடை. கடைசி ஐந்து நிமிடம் ஓட்டம்தான். டிக்கெட் வாங்கிவிட்டவர்கள் 'நீதி வாசல்' எனப்படும் புவேர்த்தா தெ லா ஹுஸ்திசியா வழியாக நுழைந்தால் போதும், அரண்மனை பக்கத்திலேயே.

உள்ளே போனதும் எல்லாரும் கேமராவை மேல்நோக்கித் திருப்புவார்கள். நீங்கள் ஒருமுறை சுவரோடு ஒட்டி நின்று பாருங்கள். பூவேலை என்று நினைத்தது அரபு எழுத்தாக இருக்கும். 'இறைவனைத் தவிர வெற்றியாளன் இல்லை' என்ற நஸ்ரித் அரச வாசகம் திரும்பத் திரும்ப வரும். சிங்க முற்றத்தில் பன்னிரண்டு பளிங்குச் சிங்கங்கள் ஒரு தொட்டியைத் தாங்குகின்றன; அந்தத் தொட்டியின் விளிம்பிலும் அரசவைக் கவிஞர் இப்னு சம்ரக்கின் கவிதை செதுக்கியிருக்கிறது. கடைசி மன்னர் போஅப்தில் 1492 ஜனவரி 2 அன்று நகரத்தை ஒப்படைத்தார். வென்ற கிறிஸ்தவ அரசி இசபெல்லாவும் அவர் கணவர் அரசர் ஃபெர்டினாண்டும் ஊருக்குள் கபில்லா ரியால் தேவாலயத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள். மறுநாள் அங்கே போகும்போது அந்தச் சுவர் வாசகம் ஞாபகம் வரும்.

ஹெனெராலிஃபே தோட்டத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நிழலும் நீரோட்டமும் இருப்பதால் கால் கொஞ்சம் ஆறும்.

படி 5: சாப்பாடு

மதியம் நான்கு மணிக்குப் பல சமையலறைகள் மூடிவிடும். இரவு எட்டரைக்கு முன் பெரிதாக எதுவும் கிடைக்காது. நம் ஏழரை மணிப் பசியோடு போனால் பிஸ்கட்தான்.

மற்ற பல ஊர்களில் தாப்பாஸ் எனும் சிறுதட்டுக்குத் தனிக் காசு. கிரனாடாவில் ஒரு பானம் கேட்டால் ஒரு தட்டு தானாக வரும், அடுத்த பானத்துக்கு வேறு தட்டு. மது தொடாதவர்கள் மோஸ்தோ என்ற திராட்சைச் சாறு கேட்கலாம், அதற்கும் தட்டு உண்டு. நாவாஸ் தெருவில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கினாலே இரவுச் சாப்பாடு முடிந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், பெரும்பாலும் தட்டில் என்ன வரும் என்பது சமையலறையின் இஷ்டம். சைவர்கள் பானம் சொல்லும்போதே சொல்லிவிட வேண்டும். வெறுமனே 'சின் கார்னே', அதாவது இறைச்சி வேண்டாம் என்றால் போதாது. பன்றித் தொடைக்கறியும் சூரை மீனும் சிலர் கணக்கில் இறைச்சியே அல்ல. 'சின் ஹமோன், சின் பெஸ்காதோ' என்று சேர்த்துச் சொல்லுங்கள். சாக்ரோமோந்தே பெயரில் வரும் ஆம்லெட்டில் மூளைக்கறி இருக்கும், அதுவும் தெரிந்திருக்கட்டும்.

காசு கொடுத்து ஒன்றே ஒன்று வாங்குவதானால் பெரெங்ஹேனாஸ் கோன் மியெல். மெல்லிசாக நறுக்கிப் பொரித்த கத்திரிக்காய்மேல் கறுப்பாக, கெட்டியாக ஒரு பாகு ஒழுகும். பெயரில் தேன் என்று இருந்தாலும் அது கரும்புப் பாகு. பக்கத்து மோத்ரில் கடலோரத்தில் அரபுகள் காலத்திலிருந்து கரும்பு விளைந்தது. சூடு ஆறினால் நமத்துவிடும், போட்டோ எடுத்துக்கொண்டிருக்காதீர்கள்.

படி 6: இரண்டாம் நாள்

காலையில் கபில்லா ரியால். வெளியே ரோஸ்மேரி கொத்தை நீட்டுகிற பெண்களிடம் கை நீட்டாதீர்கள். வாங்கிவிட்டால் காசு கொடுக்காமல் நகர முடியாது. மாலையில் தாரோ ஆற்றோரமாக நடந்து அல்பைசீன் ஏறி, சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பே சான் நிக்கோலாஸ் மேட்டில் இடம் பிடியுங்கள். எதிரே அல்ஹம்ப்ரா, பின்னால் சியெரா நெவாடா மலை. கூட்டம் நெரியும், பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள்.

இறங்கி வரும் வழியில் பேக்கரியில் பியோனோனோ கேளுங்கள். பாகில் ஊறிய கேக் சுருள், மேலே லேசாகக் கருக வைத்த கிரீம். இரண்டு வாயில் முடிந்துவிடும் அளவு என்பதால் ஆளுக்கு இரண்டாகவே வாங்கிவிடுங்கள்.